நல்லாத்தானே இருக்கேன்!

தருமபுரி மாவட்டத்துக் கடத்தூர்ப் பக்கம் மாத்திரையைப் பாதியில் விட்டவரிடம் காரணம் கேட்டால், "இப்ப நல்லாத்தானே இருக்கேன், அப்புறம் எதுக்கு?" என்பார். காசநோய்க்காரரும் இதைத்தான் சொல்வார், பிரஷர்காரரும் இதைத்தான் சொல்வார். வார்த்தை ஒன்று, பொருள் இரண்டு.

காசநோய்க்காரர் படுத்து எழுந்தவர். மருந்து தொடங்கிய சில வாரங்களில் இருமல் அடங்கிப் பசி எடுக்கிறது. ஆனால் சிகிச்சையோ ஆறு மாதம். ஐம்பது கிலோ எடையுள்ளவர் தினமும் நான்கு மாத்திரை விழுங்க வேண்டும்; குமட்டும். அந்த மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். முன்பே சொல்லி வைக்காவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து விட்டுவிடுவார். பயப்படாதவரும் உடம்பு தேறியதும் கூலிக்குக் கிளம்பிவிடுவார். மருந்து வேலை செய்ததே அவர் நிறுத்தக் காரணம். எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகித் திரும்பலாம்.

பிரஷர்காரர் படுக்கவே இல்லை. காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவரை நோயாளி ஆக்கியது கருவி காட்டிய எண்தான். மாத்திரை போட்டாலும் உடம்பில் ஒன்றும் தெரியாது, விட்டாலும் தெரியாது. "பழகிட்டா விட முடியாது" என்ற பயம் வேறு. அதனால் தலை சுற்றுகிற அன்றைக்கு மட்டும் ஒன்று போட்டுக்கொள்வார். மருந்து வேலை செய்வது கண்ணுக்குப் படாததே இங்கே காரணம். விட்டதன் விளைவு பக்கவாதம் வந்த பிறகுதான் கண்ணில் படும்.

மருந்தைக் கொடுத்தால் போதாது, விழுங்குகிறாரா என்றும் பார்க்க வேண்டும் என்ற பாடத்தைக் காசநோயில் தமிழ்நாடு சீக்கிரமே படித்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், 193 நோயாளிகளைச் சானடோரியத்திலும் வீட்டிலுமாகப் பிரித்து ஓராண்டு மருந்து கொடுத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள். ஆனால் அவர்களைச் சும்மா விட்டுவிடவில்லை: வீட்டுக்குப் போய் மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். கண்ணெதிரே விழுங்க வைக்கும் முறை வளர்ந்தது இந்த வழியில்தான். இன்று சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் உதவியும் உண்டு.

பிரஷருக்கு அப்படி ஆள் நிற்க முடியாது. அது ஆயுள் முழுவதும் போடும் மாத்திரை. 2021 ஆகஸ்ட் 5இல், பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. கூலியை விட்டு வரிசையில் நிற்கும் பாடு குறைந்தது. அது பெரிய காரியம். ஆனால் வாசல் வரை வந்த மாத்திரை வாய் வரை போக வேண்டுமே. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவருக்கு வாசலே வேறு. காசநோய்க்காரரும் நழுவுவது அங்கேதான்.

இரண்டு பேரையும் ஒரே மாதிரி "அலட்சியம்" என்று திட்டினால் எதுவும் மாறாது. காசநோய்க்காரரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும்: "ரெண்டு மாசத்துல நல்லாயிடும், அப்பதான் விடக்கூடாது." பிரஷர்காரரிடம் சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு முறையும் கையில் பட்டை சுற்றி, போன மாத எண்ணையும் இந்த மாத எண்ணையும் அவருக்கே படித்துக் காட்ட வேண்டும். உடம்பு சொல்லாததை அந்த எண்தான் சொல்லும்.