தண்ணி ஊற்றியவளின் பெயர் என்ன? உயிருள்ள முருகைகள் ஊர்மாறிய வரலாறு

நெடுந்தீவுக்குப் போய்வந்த எவருக்கும் முருகைக்கல் தெரிந்திருக்கும். காணிகளைச் சுற்றி, சீமெந்து இல்லாமல், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்கள். யாழ்ப்பாணக் கோட்டையின் சுவரிலும் அந்தக் கல் இருக்கிறது. சுண்ணாம்புச் சூளைகளில் எரிந்ததும் அதுதான். எங்கட ஆக்களுக்கு முருகை எண்டால் முதலில் கல், பிறகு சுண்ணாம்பு. அதற்கு ஒரு காலத்தில் வாய் இருந்தது, அது இரை பிடித்துச் சாப்பிட்டது என்பது அவ்வளவு சுலபமாக நினைவுக்கு வருவதில்லை.

முருகை ஒரு விலங்கு. கல் அது தனக்குக் கட்டிக்கொள்ளும் வீடு. வீட்டை மட்டும் உடைத்து எடுத்துக்கொண்டு போவது லேசு. மதிலுக்கும் சூளைக்கும் அருங்காட்சியகத்துக்கும் அப்படித்தான் போனது. வீட்டுக்காரரை உயிரோடு இன்னொரு ஊருக்குக் கொண்டுபோவதுதான் கஷ்டம். கடலை விட்டு எடுத்த சில மணித்தியாலங்களில் தண்ணீரில் ஒட்சிசன் குறையும், சூடு மாறும், கழிவு சேரும். இண்டைக்கு மீன்தொட்டியில் முருகை வளர்க்கிற ஒருவர் வீடு மாறும்போது பயப்படுவதும் இதே மூன்றுக்குத்தான். இந்தப் பிரச்சினைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் யாருடைய பெயர் எழுதப்பட்டது, யாருடையது எழுதப்படவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒரு கல்ஜாடி, ஒரு யன்னல்

1846ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் தெற்குக் கரையில் டோர்க்கீ என்ற கடற்கரை ஊர். அங்கே வந்திருந்த ஆனா தைன் என்ற பெண்மணிக்கு உயிருள்ள முருகைகள் கிடைக்கின்றன. நாங்கள் படத்தில் பார்க்கிற பெரிய முருகைப் பாறை இல்லை. குளிர்ந்த கடலில் தனித்தனியாக வாழும், ஒரு சில்லறைக்காசு அளவு வரக்கூடிய கிண்ண முருகைகள். ஆனாவின் கணவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் உயர்ந்த பதவியில் இருந்த பாதிரியார். வீடும் அபேக்குப் பக்கத்திலேயே. அந்த வீட்டுக்கு இவற்றை உயிரோடு கொண்டுபோக வேண்டும் எண்டு ஆனா முடிவெடுக்கிறார்.

தூரம் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். ரயில் அப்போது டோர்க்கீ வரை வரவில்லை. வண்டி குலுங்கினால் முருகைகள் ஒன்றோடொன்று மோதிக் காயப்படும். அதனால் ஊசியும் நூலும் எடுத்து அவற்றை ஒரு கடற்பஞ்சோடு தைத்துவிட்டு, கடல்நீர் நிரப்பிய ஜாடியில் வைத்துக் கொண்டுபோனார். ஒரு பெண்ணின் தையல் பெட்டியிலிருந்து வந்த தீர்வு இது.

உண்மையான சிக்கல் லண்டனில்தான் தொடங்கியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் மாற்றினார். ஆனால் கொண்டுவந்த கடல்நீர் கொஞ்சம். லண்டனின் நடுவில் கடலுக்கு எங்கே போவது? எனவே பாவித்த தண்ணீரையே திரும்பப் பாவிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். திறந்த யன்னலுக்கு முன்னால் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு, திரும்பவும் முதலாவதுக்கு, அரை மணித்தியாலமோ முக்கால் மணித்தியாலமோ மாறி மாறி ஊற்ற வேண்டும். நாங்கள் தேத்தண்ணி ஆத்துவது மாதிரி. விழும் தண்ணீர் காற்றைப் பிடித்துக்கொள்ளும். இண்டைக்குக் காற்று மோட்டர் செய்கிற வேலை இது.

இந்த வேலையை ஆனா செய்யவில்லை. வீட்டில் ஒரு சின்னப் பணிப்பெண் செய்தாள். இது களைப்பான வேலைதான், ஆனால் அந்தப் பிள்ளைக்கு என்னைச் சந்தோசப்படுத்த விருப்பம், அவள் அதை ஒரு விளையாட்டாகத்தான் எடுத்தாள் என்ற கருத்தில் ஆனா பிறகு எழுதினார். விளையாட்டாக எடுத்தாளா? அவளைக் கேட்டு யாரும் எழுதவில்லை. பெயர்கூட எழுதப்படவில்லை.

1847இல் ஆனா அடுத்த படிக்குப் போனார். டோர்க்கீயிலிருந்து உயிருள்ள கடற்பாசி ஒட்டிய கற்களை வரவழைத்துத் தொட்டியில் போட்டார். பாசி வெளிச்சத்தில் ஒட்சிசன் விடும், விலங்கு அதைச் சுவாசிக்கும். முருகைகள் வருடக்கணக்கில் உயிரோடு இருந்தன. இருந்தது மட்டுமில்லை, பெருகவும் செய்தன. அவை எப்படிப் பெருகின என்பதைத்தான் 1859இல் ஒரு விஞ்ஞான இதழில் அவர் எழுதினார். பிலிப் ஹென்றி கொஸ் என்ற இயற்கையியலாளரின் குறிப்புகளோடு அது வெளிவந்தது.

புகழ் போன இடம்

அந்த 1859க்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. 1850இல் ரொபர்ட் வோரிங்டன் என்ற இரசாயனவியலாளர், மீனும் தாவரமும் நத்தையும் ஒரு தொட்டிக்குள் ஒன்றையொன்று தாங்கி வாழும் எண்டு தன் பரிசோதனையை வெளியிட்டார். 1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென ஒரு கண்ணாடி மண்டபம் திறந்தார்கள். 1854இல் கொஸ் எழுதிய புத்தகம் ‘அக்குவாரியம்’ என்ற சொல்லையே வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. கடல் தொட்டி வைப்பது பிரித்தானிய நடுத்தர வர்க்கத்தின் மோகமாக மாறியது. ஆக்கள் உளியும் வாளியுமாகக் கடற்கரைக்குப் போனார்கள். பாறைக் குட்டைகள் வெறுமையாகின. அந்த அழிவைப் பற்றிக் கவலையோடு பிறகு எழுதியவர் கொஸ்ஸின் மகன் எட்மண்ட்.

ஆனா தைன் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாக ஒதுங்கினார். அவர் தனியாளும் இல்லை. 1830களில் சிசிலித் தீவில் ஜான் வில்ப்ரோ பவர் என்ற பிரெஞ்சுப் பெண், கண்ணாடிப் பெட்டிகளில் கடலுயிர்களை வைத்து ஆராய்ந்தார். அவர் சிசிலியிலிருந்து அனுப்பிய சேகரிப்புகளும் குறிப்புகளும் கப்பலோடு கடலில் மூழ்கின. இடம்பெயரும்போது எது மிஞ்சும், எது மிஞ்சாது என்பது எங்களுக்கும் தெரியாத விசயமில்லை.

கண்ணாடிப் பெட்டி எங்களிடம் வந்தபோது

கடல் தொட்டிக்கு ஒரு மூத்த உறவினர் உண்டு. லண்டன் வைத்தியர் நத்தானியல் வோர்ட், மூடிய கண்ணாடிக்குள் செடி நீண்டநாள் உயிர்வாழும் என்பதை 1829இல் கவனித்தார். 1833இல் அப்படியான பெட்டிகளில் செடிகளைச் சிட்னிக்கு அனுப்பிப் பார்த்தார், வெற்றி. அதன் பிறகு பேரரசின் செடிகள் எல்லாம் அந்தப் பெட்டியில் பயணம் செய்தன. 1876இல் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து 38 பெட்டிகளில் 1,900க்கு மேற்பட்ட இறப்பர் கன்றுகள் இலங்கைக்கு வந்தன. ஹேனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். பெரும்பாலானவை பிழைத்தன.

இதை வாசிக்கும்போது எனக்கு வேறொரு பயணம் நினைவுக்கு வருகிறது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள், மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் கனக்கப் பேர். ஒரு கன்றுக்கு எவ்வளவு ஈரம், எவ்வளவு வெளிச்சம் வேண்டும் எண்டு கணக்குப் பார்த்த அதே ஆட்சிக்காலம்தான். தூரப் பயணத்தில் எதைப் பத்திரமாகக் கொண்டுபோவது என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வி இல்லை.

முருகைக்காகவே எங்கள் தீவுக்கு வந்தவர்களும் உண்டு. 1860களின் நடுவில் ஒஸ்திரியாவைச் சேர்ந்த இயூஜின் ரான்சொனே, காலிக் கடலில் நீர்மூழ்கும் கூடு ஒன்றுக்குள் இறங்கி, முருகைகளை அவை இருந்த இடத்திலேயே வைத்து வரைந்தார். 1881இல் வந்த ஜேர்மன் விலங்கியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் சேகரித்துக்கொண்டு போக வந்தவர். வெலிகமவில் தங்கினார். இந்தச் சூட்டில் மென்மையான கடலுயிர்கள் உடனே அழுகிப்போகின்றன எண்டு குறைப்பட்டார். காலியில் எடுத்த முருகைகளை உயிரோடு கொண்டுபோக அவருக்கு வழி இருக்கவில்லை. கல்லாகத்தான் கொண்டுபோனார். அவருக்கு உதவியாக இருந்தவன் கமமேடா என்ற ரொடியா சாதி இளைஞன். ஹெக்கல் அவனைக் கிரேக்கக் கதையில் வரும் ‘கனிமீட்’ ஆக்கினார். தங்குவிடுதிக்காரரையும் ‘சோக்கிரட்டீஸ்’ எண்டு அழைத்தார். லண்டன் பணிப்பெண்ணுக்குப் பெயர் இல்லை. வெலிகமக்காரருக்கு வேறு பெயர்.

இண்டைக்குப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது

ஆனாவின் ஜாடிக்கும் இண்டைய பொதிக்கும் அடிப்படையில் பெரிய வித்தியாசம் இல்லை. பயணத்துக்கு முதல்நாள் தீன் போடுவதில்லை, கழிவு குறையட்டும் எண்டு. முருகைகள் பக்கத்தில் இருப்பதைக் கொட்டிச் சண்டை போடும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பொலித்தீன் பை. பைக்குள் தண்ணீரைவிடக் காற்றுக்கு இடம் கூட. எல்லாம் றெஜிபோம் பெட்டிக்குள், இருட்டில், ஏறக்குறைய 25 பாகை செல்சியஸில். தொட்டியில் இருந்த கல்லைக் காயவிடாமல் ஈரமாகவே கொண்டுபோக வேண்டும், கழிவை உடைக்கிற பக்டீரியா அதில்தான் வாழ்கிறது. பழைய தண்ணீரில் ஒரு பங்கும் கூடவே போகும். போய்ச் சேர்ந்ததும் அவசரப்படாமல் முதலில் சூட்டைச் சமப்படுத்தி, புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, சில நாட்கள் வெளிச்சத்தைக் குறைத்து வைப்பார்கள். புறப்பட முதல் ஒரு துண்டை உடைத்து நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. வழியில் இருப்பது செத்தாலும் ஊரில் ஒன்று மிஞ்சும். நாட்டு எல்லையைத் தாண்டுவதெண்டால் அனுமதிப் பத்திரம் வேண்டும், கல் முருகைகள் எல்லாமே சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கின்றன.

பொழுதுபோக்குக்காகக் கற்ற இந்தக் கைவேலை இப்போது வேறொன்றுக்குப் பயன்படுகிறது. 2014இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில், மயாமிக்கு அருகே, கல் முருகைகளின் சதையைத் தின்னும் ஒரு நோய் காணப்பட்டது. நோய் பரவ முதல் ஆரோக்கியமான முருகைகளை எடுத்து, கடலே இல்லாத மாநிலங்களில் உள்ள காட்சிசாலைகளுக்குக்கூட அனுப்பிவைத்தார்கள். 2023 யூலையில் கடல் அளவுக்கு மீறிச் சூடானபோது, கடலுக்குள் இருந்த முருகை நாற்றுமேடைகளிலிருந்து அவசரமாகத் தூக்கிக் கரையில் இருந்த தொட்டிகளில் வைத்தார்கள். ஒரு காலத்தில் கடலை வெறுமையாக்கிய தொட்டி, கடலுக்கு இப்போது அகதி முகாம். முகாம் வீடாகாது என்பது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடல் ஆறாவிட்டால் திரும்பிப்போக இடம் இல்லை.

இந்த முகாம்களிலும் இரவு முழுக்க விழித்திருந்து தண்ணீரைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். உப்பு அளக்கிறவர்கள், கரண்ட் போனால் ஓடிவருகிறவர்கள். அறிக்கைகளில் நிறுவனத்தின் பெயர் வரும், ஆராய்ச்சித் தலைவரின் பெயர் வரும்.

வரலாறு படிக்கிற நாங்கள் ஒரு ஆவணத்தைத் திறக்கும்போது முதலில் பார்ப்பது கையெழுத்துப் போட்டவரைத்தான். ஆனா தைனின் பெயரை அடிக்குறிப்பிலிருந்து மேலே கொண்டுவந்தது நல்ல வேலை, அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. ஆனால் அதோடு நிற்க ஏலாது. அந்த முருகைகள் சுவாசித்த காற்று, யன்னலடியில் நின்று கை நோகத் தண்ணி ஊற்றிய ஒரு பிள்ளையின் உழைப்பு. அவளுடைய பெயர் எங்களுக்குக் கிடைக்காமலே போகலாம். எங்கட ஊர்களில் தண்ணி ஊற்றியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பெயர் கேட்டு எழுதிவைக்க எங்களால் முடியும்.