கப்பற்கூலியும் நட்டத்தின் சுமையும்

சரக்கைக் கடல் கடத்தக் கூலி எவ்வளவு என்று கேட்பது வணிகர் வழக்கம். அச்சரக்கு வழியில் அழிந்தால் நட்டம் யாரைச் சாரும் என்று உடன் கேட்பது வணிகரின் விவேகம். கப்பற்கூலி என்பது இவ்விரு கேள்விகளுக்கும் சேர்ந்த விடையாகும். பொருநை பாயும் நம் நாட்டின் வரலாறு இவ்வுண்மையை இருமுறை உணர்த்தியிருக்கிறது.

கூலி முன்னரே அறியப்பட்டதாய் இருத்தல் வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் ‘இஜாரா’ என்னும் பாடத்தில் வலியுறுத்துகின்றன. விற்ற பொருள் வாங்கியவன் கைக்கு வருமுன் அழிந்துபோனால் அந்நட்டம் விற்றவனையே சாரும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. இதை நினைவிற்கொண்டு காயல் துறைக்கு வருவோம்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில், பொருநை கடலொடு கலக்கும் இடத்தருகே காயல் பெருந்துறையாய் விளங்கிற்று. ஹுர்முஸ், கைஸ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிய மரக்கலங்கள் அங்கு வந்தடைந்ததை மார்க்கோ போலோ குறித்துள்ளார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அவ்வணிகத்தின் உடன்படிக்கையையே எழுதி வைத்திருக்கிறார். கைஸ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1400 குதிரைகளைப் பாண்டி நாட்டுக்கு அனுப்புவார். குதிரை ஒன்றுக்கு விலை 220 செம்பொன் தீனார். அவர் தம்பி தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியனின் அமைச்சர். காயல் துறையும் அவர் பொறுப்பிலேயே இருந்தது.

அவ்வுடன்படிக்கையில் ஒரு நிபந்தனை உண்டு. கடல் வழியில் குதிரை இறந்தாலும் ஊறுபட்டாலும் அதன் விலையைப் பாண்டியன் கருவூலமே கொடுத்துவிட வேண்டும்! நாம் மேலே கண்ட சட்டத்துக்கு இது நேர்மாறானது. நம்மவர் பெற்ற சலுகை என்று இதைக் கொண்டாடுவோர் உளர். ஆயினும் நடுநிலையோடு நோக்கின், விற்பவனுக்கு நட்டமே இல்லை என்றால் நடுக்கடலில் குதிரையைப் பேணும் அக்கறை தளர இடமுண்டு. சுமை முழுவதும் குடிகளின் வரிப்பணத்தில் நிறைந்த கருவூலத்தின்மேல் விழுந்தது.

காலம் சென்றது. ஆறு கொணர்ந்த வண்டலால் பழைய காயல் துறை தூர்ந்தது; தூத்துக்குடி தலையெடுத்தது. 1876இல் இருப்புப்பாதையும் அங்கு வந்து சேர்ந்தது. தூத்துக்குடி - கொழும்பு கப்பல் போக்குவரத்தோ பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கைக்குள் அடங்கிக் கிடந்தது. போட்டியற்ற இடத்தில் கூலியை விதிப்பவன் கப்பலுடையவனே அல்லவா?

இந்நிலையை மாற்றவே 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 2 இலட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை ஏற்றார். ஐந்தில் ஒரு பங்கை ஒரு முஸ்லிம் வணிகர் தாங்கிய செய்தியை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

முதலில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக்கு எடுத்த கப்பலை ஆங்கிலேயரின் நெருக்குதலால் உடையவர் மீட்டுக்கொள்ள, பிள்ளையவர்கள் கொழும்பு சென்று வேறு கப்பல் அமர்த்தினார். பிறர் கப்பலை நம்பி நடத்தும் தொழிலின் இடர் அப்போது விளங்கிற்று. 1907இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரு கப்பல்கள் விலைக்கு வாங்கப்பட்டன.

பின்னர் மூண்டது கட்டணப் போர். ஆங்கிலக் கம்பெனி பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாக்கிற்று; சுதேசிக் கம்பெனி அரை ரூபாயாக்கிற்று. இறுதியில் ஆங்கிலக் கம்பெனி இலவசமாக ஏற்றிச் செல்லவும், குடை ஒன்றை அன்பளிப்பாய்க் கொடுக்கவும் முன்வந்தது என்பர். இலவசம் என்றால் செலவில்லை என்பதா பொருள்? நிலக்கரிக்கும் மாலுமிக்கும் யாரோ கொடுத்துத்தானே ஆகவேண்டும்? பல கடல்களில் கப்பல் விட்ட கம்பெனி இங்கு இழந்ததை வேறு வழிகளில் ஈட்டிக்கொள்ளலாம். ஒரே வழியை நம்பிய சுதேசிக் கம்பெனிக்கு ஒவ்வொரு பயணத்தின் நட்டமும் 25 ரூபாய் பங்குதாரரின் முதலைத் தின்றது.

1908 மார்ச்சு 12இல் பிள்ளையவர்கள் கைதானார். மறுநாள் நெல்லை கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் சிறை மீண்ட அவருக்குக் கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை.

காயலில் நட்டத்தை அரசன் சுமந்தான். தூத்துக்குடியில் சிறு பங்குதாரர் சுமந்தனர். இன்று லாரிக்கும் கண்டெய்னருக்கும் கூலி பேசும் நம் இளைஞர், குறைந்த கூலி என்றதும் மகிழ்ந்துவிடலாகாது. இக்குறைவின் நட்டத்தை இன்று யார் சுமக்கிறார், போட்டியாளர் ஒழிந்தபின் நாளை யார் சுமப்பார் என்று கேட்டறிதல் வேண்டும். அன்று குடைக்கு ஆசைப்பட்டு ஏறியவர், தம் சொந்தக் கப்பலை அல்லவா கரையில் விட்டுச் சென்றனர்!