சிறைக்குள் உயர்கல்வி: சப்ரகமுவவிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் ஏ4 வீதியில் அவிசாவளையைத் தாண்டினால் எஹலியகொட வரும். இறப்பர் தோட்டங்களும் மாணிக்கக்கல் அகழ்வுக் குழிகளும் நிறைந்த இந்தப் பகுதிக்கு அண்மையிலுள்ள சிறைச்சாலை, அதே வீதியில் அடுத்து வரும் குருவிட்டவில் இருக்கிறது. பாடசாலையைப் பாதியில் விட்ட ஒரு தோட்டத்து இளைஞன் நீண்டகாலத் தண்டனை பெற்று அங்கே சென்றால், பட்டதாரியாக வெளியே வர வழி உண்டா? இக்கேள்விக்கு விடை தேட, பல்கலைக்கழகக் கல்வி சிறைக்குள் நுழைந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தொலைக்கல்வி, சட்டத்தின் காப்பு, அடிப்படைப் பாடசாலைக் கல்வி ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் மட்டுமே இக்கல்வி நிலைபெறும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கடூழியத்திலிருந்து பயிற்சிக்கு

வெலிக்கடைச் சிறைச்சாலை 1841இல் கட்டப்பட்டது. 1877ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. அச்சட்டம் பிறந்த காலத்தில் காவல், ஒழுங்கு, கடூழியம் ஆகியவையே சிறை நிர்வாகத்தின் முதன்மைக் கவலைகள். தண்டிப்பதோடு திருத்துவதும் சிறையின் நோக்கமாக வேண்டும் என்று பிரித்தானியாவின் கிளாட்ஸ்டன் குழு 1895இல் வலியுறுத்திய பிறகே பார்வை மாறத் தொடங்கியது. 1902இல் கென்ட் பகுதியின் போர்ஸ்டல் கிராமத்தில் இளங்குற்றவாளிகளுக்கான தனி நிலையம் ஆரம்பமானது. அந்தச் சிந்தனையின் வழிவந்ததே இலங்கையின் 1939ஆம் ஆண்டு 28ஆம் இலக்க இளங்குற்றவாளிகள் (பயிற்சிப் பாடசாலைகள்) கட்டளைச் சட்டம். ஆனால் இக்காலத்துப் பயிற்சி, தொழிலையும் ஒழுக்கத்தையும் மையமாகக் கொண்டது. உயர்கல்வி அதன் எல்லைக்குள் வரவில்லை.

தபாலில் வந்த பல்கலைக்கழகம்

சிறைக்குள் பல்கலைக்கழகத்தைக் கொண்டுவந்தது தொலைக்கல்வியே. இலண்டன் பல்கலைக்கழகம் 1858இல் வெளிவாரிப் பட்டங்களைத் தொடங்கியது. 1921இல் ஆரம்பித்த கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியும் தன் மாணவரை இலண்டன் பரீட்சைகளுக்கே தயார்படுத்தியது. இலங்கையின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலருக்குக் கைகொடுத்த இந்த ஏற்பாட்டையே பின்னாளில் ரொபன் தீவுச் சிறையில் நெல்சன் மண்டேலாவும் பற்றிக்கொண்டு சட்டம் படித்தார். ஆனால் அங்கே கல்வி ஒரு சலுகை மட்டுமே. சிறை நிர்வாகம் அவருடைய படிப்பு அனுமதியை நான்கு ஆண்டுகள் பறித்து வைத்திருந்தது. இறுதியில் 1989இல், சிறையிலிருந்தபடியே, தென்னாபிரிக்கப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தைப் பெற்றார்.

1969இல் பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. எழுபதுகளிலேயே அது கைதிகளை மாணவராகச் சேர்த்தது. இந்தியாவில் 1985இல் உருவான இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1994இல் டெல்லி திகார் சிறையில் கற்கை நிலையத்தைத் திறந்தது. பிற்காலத்தில் சிறைவாசிகளுக்குக் கட்டண விலக்கும் அளித்தது.

தமிழகச் சிறைகளிலிருந்து இதற்கு அழுத்தமான சான்று உண்டு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 19 வயதில் கைதான பேரறிவாளன், சிறையிலிருந்தே கணினிப் பயன்பாட்டில் இளநிலை, முதுநிலைப் பட்டங்களை முடித்தார். 2012இல் வேலூர்ச் சிறையில் பிளஸ் டூ தேர்வு எழுதி 1,200க்கு 1,096 மதிப்பெண் பெற்றார். 2022 மே 18 அன்று அவரை விடுவித்த இந்திய உச்ச நீதிமன்றம், கருத்தில் கொண்ட காரணங்களுள் அவர் சிறையில் பெற்ற கல்வித் தகைமைகளையும் குறிப்பிட்டது. கைதி ஒருவரின் படிப்பு நீதிமன்றத்தின் தராசில் எடை பெற்ற தருணம் அது.

சலுகையும் உரிமையும்

கைதிகளை நடத்துவதற்கான ஐக்கிய நாடுகளின் குறைந்தபட்ச நியம விதிகள் 1955இல் ஏற்கப்பட்டன. பயன்பெறக்கூடிய எல்லாக் கைதிகளுக்கும் மேற்படிப்புக்கு வழி செய்ய வேண்டும் என்று அவை கூறின. 2015இல் திருத்தப்பட்டு மண்டேலா விதிகள் எனப் பெயர் பெற்றபோது, 104ஆம் விதி இதையே மீண்டும் உறுதிசெய்தது. எனினும் உள்நாட்டுச் சட்டத்தின் காப்பு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை அமெரிக்க அனுபவம் காட்டுகிறது.

வறிய மாணவருக்கான பெல் உதவித்தொகை எழுபதுகளில் கைதிகளுக்கும் கிடைத்தது. அதன் பயனாக நூற்றுக்கணக்கான சிறைக் கல்லூரித் திட்டங்கள் வளர்ந்தன. மொத்த உதவித்தொகையில் கைதிகளுக்குச் சென்றது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆயினும் 1994ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம் அதை நிறுத்தியது. சில ஆண்டுகளுக்குள் விரல்விட்டு எண்ணக்கூடிய திட்டங்களே எஞ்சின. 2015இல் சோதனை முயற்சியாகத் திரும்பிய உதவித்தொகை, 2023 ஜூலை முதல் மீண்டும் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் கல்வி வாய்ப்பை ஒரு சட்டப்பிரிவு அழித்தது. இடையில், 2013இல் வெளியான ராண்ட் நிறுவன ஆய்வு, ஏதேனும் ஒரு மட்டத்தில் சிறைக் கல்வி பெற்றோர் மீண்டும் சிறைக்குத் திரும்பும் வாய்ப்பு விகிதம், பெறாதோரைவிட 43 சதவீதம் குறைவு என்று காட்டியது.

இலங்கையும் தோட்ட மக்களும்

இலங்கைச் சிறைகளில் கல்வி, க.பொ.த. பரீட்சைகளை ஒட்டியே வளர்ந்துள்ளது. ஹோமாகமப் பகுதியிலுள்ள வட்டரெக்க சிறைச்சாலையின் சுனீத வித்தியாலயம் இளம் கைதிகளைச் சாதாரண தரத்துக்குத் தயார்படுத்துகிறது. பரீட்சைத் திணைக்களம் சிறைகளில் விசேட நிலையங்களை அமைக்கிறது. போர் முடிந்தபின், 2010இல், புனர்வாழ்வு நிலையங்களில் இருந்த முன்னாள் போராளிகள் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினர். தடுப்பில் இருப்போருக்குத் தமிழ்மொழி மூலம் பரீட்சை நடத்துவது இயலும் என்பதற்கு அதுவே போதிய ஆதாரம்.

சப்ரகமுவவின் தோட்டத் தமிழருக்கு இந்த ஏற்பாடுகள் மட்டும் போதா. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே விடப்பட்டன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது எழுபதுகளில்தான். தலைமுறைகளாகத் தொடர்ந்த இந்தப் பின்தங்கல் சிறைவாசலில் மறைந்துவிடுவதில்லை. இதோடு இன்னொரு தடையும் உண்டு: இலங்கையில் தண்டனை பெற்றுச் சிறை செல்வோரில் பெரும்பாலோர் தண்டப்பணம் கட்ட இயலாத வறியவர்கள். அவர்களுடைய குறுகிய சிறைக்காலத்துக்குள் எந்தப் பட்டப்படிப்பும் அடங்காது. அவர்களுக்குத் தேவை எழுத்தறிவும், வெளியே சென்றபின் தொடரக்கூடிய பாடத்திட்டமும். நீண்டகாலக் கைதிகளுக்கே பட்டப்படிப்பு பொருந்தும்.

அதற்கான கட்டமைப்பு நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில், உயர்தரம் சித்தியடையாதோரும் அடிப்படைக் கற்கைநெறி வழியாகப் பட்டப்படிப்பை எட்டலாம். குருவிட்ட அமைந்துள்ள இரத்தினபுரி மாவட்டத்திலேயே, பெலிஹுல்ஓயாவில், சப்ரகமுவப் பல்கலைக்கழகமும் இயங்குகிறது.

முடிவுரை

இந்த வரலாறு தெளிவான ஒரு வரிசையைக் காட்டுகிறது. தொலைக்கல்வி சிறைக்கு வழி திறந்தது. சட்டம் காக்காத இடங்களில் அந்த வழி அடைபட்டது. பாடசாலைக் கல்வி இல்லாதோருக்கு அது திறந்திருந்தும் எட்டவில்லை. ஆகவே இலங்கையில் மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். கைதியின் கல்வி, சிறை அதிகாரியின் நல்லெண்ணத்தைச் சாராத உரிமையாகச் சிறைச்சாலைகள் சட்டத்தில் இடம்பெற வேண்டும். தமிழ் பேசும் கைதிகள் உள்ள ஒவ்வொரு சிறையிலும் எழுத்தறிவு முதல் உயர்தரம் வரை தமிழ்மொழி மூல வகுப்புகள் நடக்க வேண்டும். திறந்த பல்கலைக்கழகம் கட்டணமின்றிக் கைதிகளைச் சேர்த்து, இடமாற்றத்தின்போதும் விடுதலையின் பின்னும் அவர்களது பதிவைத் தொடர வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வியைத் தாமதமாகத் தந்த அரசு, அவர்களைச் சிறையில் வைத்திருக்கும் காலத்திலாவது அந்தக் கடனை அடைக்கக் கடமைப்பட்டுள்ளது.