வீட்டுக்கடன் ரிஸ்க் பிரிவில் இன்டர்ன்ஷிப்: கல்லூரி மாணவர்களுக்கு அங்கே என்ன வேலை?

வங்கியில் கோடைகால இன்டர்ன்ஷிப் என்றாலே லோன் பிடித்துக் கொடுக்கும் சேல்ஸ் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ரிஸ்க் பிரிவில் நிலைமை நேர் எதிர். சேல்ஸ் டீம் கொண்டுவரும் வீட்டுக்கடன் ஃபைலைப் பார்த்து, 'இவரால் 20 வருஷம் கட்ட முடியுமா?' என்று கேட்பதுதான் இங்கே வேலை.

எம்பிஏ முதலாண்டு முடித்தவர்கள், வணிகவியல், புள்ளியியல் மாணவர்கள் பெரும்பாலும் இதற்கு விண்ணப்பிக்கிறார்கள். எக்செல் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

புதுக் கடனுக்கு ஓகே சொல்லும் பொறுப்பை மாணவர்களிடம் யாரும் தர மாட்டார்கள். பழைய கடன்களின் டேட்டாதான் கையில் வரும். யார் 30 நாள் பாக்கி, யார் 60 நாள் பாக்கி என்று பிரிக்க வேண்டும். 90 நாளைத் தாண்டினால் அது வாராக்கடன்.

அடுத்தது சொத்து மதிப்பு. ஆர்பிஐ விதிப்படி 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக்கடனுக்கு சொத்து மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் என்பதே உச்சவரம்பு. வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்பதை வக்கீல் பார்ப்பார். ஆனாலும் அந்த ரிப்போர்ட்டைப் படிக்கப் பழகுவது நல்லது. பத்திரத்தில் சிக்கல் இருந்தால் ஏலத்தில்கூட வீட்டை விற்க முடியாது.

உண்மையான பாடம் 'ஸ்ட்ரெஸ் டெஸ்ட்'டில்தான். வட்டி ஏறினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்ப்பதற்குத்தான் இந்தப் பெயர். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டி 4 சதவீதத்தில் இருந்து 6.5 சதவீதமானது. 7 சதவீத வட்டியில் 50 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் இஎம்ஐ சுமார் 38,765 ரூபாய். கடன் வாங்கிய கையோடு வட்டி 9.5 சதவீதமானால், ஒரு மாத வட்டி மட்டுமே 39,583 ரூபாய்! பழைய இஎம்ஐ வட்டிக்கே போதாது, அசல் குறையாது. தவணையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டே ஒருவர் கடனில் ஆழமாகப் போவார். புதிய இஎம்ஐ சுமார் 46,607 ரூபாயாக இருக்க வேண்டும். அந்தக் கூடுதல் 7,800 ரூபாய் அவர் சம்பளத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வட்டி ஏறும்போது இஎம்ஐயைக் கூட்டுவதா, தவணைக் காலத்தை நீட்டுவதா என்பதை வாடிக்கையாளரே தேர்வு செய்ய வங்கிகள் வாய்ப்பளிக்க வேண்டும் என்று ஆர்பிஐ 2023 ஆகஸ்ட்டில் உத்தரவிட்டது.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. இன்டர்ன்ஷிப்புக்கு முன்பணம், 'பயிற்சிக் கட்டணம்' என்று யாராவது கேட்டால் விலகிவிடுங்கள். கல்லூரியில் கொடுக்கும் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் வாடிக்கையாளர் பெயர், பான் எண், சம்பள விவரம் எதுவும் இருக்கக் கூடாது. ஸ்க்ரீன்ஷாட்டில் தெரிந்தாலும் சிக்கல்தான்.