நந்தா விளக்கு உணர்த்தும் நீதி

மன்னிப்பு என்னும் சொல் இன்று நம் நாவில் மிக எளிதாகப் புரள்கிறது. பேருந்தில் நம் காலை மிதித்தவரும், ஒரு குடும்பத்தின் வாழ்வையே குலைத்தவரும் அதே சொல்லைச் சொல்லி அகன்றுவிடுகின்றனர். நம் முன்னோர் பிழைக்கு எவ்வாறு ஈடு செய்தனர் என எண்ணிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரம், முதலாம் இராசேந்திரன் காலந்தொட்டு ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக விளங்கியது. சோழர் காலக் கல்வெட்டுகள் சிலவற்றில் நெஞ்சை உருக்கும் செய்தி ஒன்று உண்டு. வேட்டைக்குச் சென்றவன் விலங்கின்மீது எய்த அம்பு தவறி, மனிதன் ஒருவன்மீது பாய்கிறது, அவன் மாள்கிறான். நாட்டார் கூடி ஆராய்கின்றனர். கொல்லும் எண்ணம் இன்மையால் உயிருக்கு உயிர் கேட்கவில்லை. ஆயினும், 'தெரியாமல் நடந்தது' என்று விட்டுவிடவும் இல்லை. கோயிலில் நந்தா விளக்கு எரிக்க வேண்டும் எனத் தீர்ப்பளிக்கின்றனர்.

விளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள். அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். மாண்ட ஆடுகளுக்கு ஈடாகக் குட்டிகள் சேர்ந்து மந்தை குறையாது நின்றதால், அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. ஒரு நொடிப் பிழைக்கான ஈடு, பிழைத்தவன் மறைந்த பின்னும் எரியுமாறு அமைக்கப்பட்டது!

எனினும் ஒன்றை நாம் கேட்க வேண்டும். விளக்கு கோயிலுக்கு, தலைவனை இழந்த வீட்டுக்கு என்ன? அக்கல்வெட்டுகள் பெரும்பாலும் விளக்கோடு நின்றுவிடுகின்றன. விவிலியம் நம் பார்வையை அந்த வீட்டின் பக்கம் திருப்புகிறது. குற்றத்தை அறிக்கையிட்டு, இழப்பை முழுமையாக ஈடுசெய்து, ஐந்திலொரு பங்கையும் கூட்டி, தீங்குற்றவரிடமே கொடுக்குமாறு எண்ணிக்கை நூல் பணிக்கிறது (5:7). சக்கேயுவோ நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார் (லூக் 19:8).

திருக்குறளின் 22ஆம் அதிகாரம் 'ஒப்புரவறிதல்'. ஊரோடு ஒத்து வாழ்ந்து பிறர்க்கு உதவுதலையே அச்சொல் அங்கே குறிக்கிறது. பாவமன்னிப்பின் அருட்சாதனத்துக்கு அச்சொல்லையே நாம் சூட்டியிருப்பது எத்துணைப் பொருத்தம்! 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும், மன்னிப்பு பாவத்தைப் போக்கினாலும் அது விளைத்த கேடு முழுவதையும் சீராக்கிவிடாது என்கிறது. களவாடிய பொருளைத் திருப்பித் தருவதும், கெடுத்த நற்பெயரை மீட்டுத் தருவதும் நம் கடன்.

வீரமாமுனிவர் திருக்காவலூர் எனப் போற்றிப் பாடிய ஏலாக்குறிச்சிக்கு, அடைக்கல அன்னையை நாடி நாம் திரளாகச் செல்கிறோம். அடைக்கலம் புகுந்தவர் வலிமை பெற்று வீடு திரும்ப வேண்டும். அங்கே, வரப்பைத் தள்ளிப் பறித்த ஒரு முழ நிலமும், கொடாது நிறுத்திய கூலியும், உடன்பிறந்தாரிடையே பேச்சற்றுப் போன ஆண்டுகளும் வாசலிலேயே காத்திருக்கின்றன. நாம் ஏற்றிவைத்த மெழுகுதிரி அணையுமுன், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவோமா?