57 கிலோ: கோதாவுக்கு முன் தராசு

2022 அக்டோபரில் ஸ்பெயினின் பொன்டெவெத்ரா நகரில் 23 வயதுக்கு உட்பட்டோருக்கான உலக மல்யுத்தப் போட்டி நடந்தது. இந்தியா தேர்ந்தெடுத்திருந்த 30 பேரில் விசா கிடைத்தது 9 பேருக்குத்தான். ஃப்ரீஸ்டைல் ஆண்கள் 10 பேரில் ஒரே ஒருவர் விமானம் ஏறினார். ஹரியானாவின் பிரோஹர் கிராமத்து அமன் செஹ்ராவத், வயது 19, எடைப்பிரிவு 57 கிலோ. போன ஒருவர் தங்கத்தோடு திரும்பினார். இறுதிப் போட்டியில் துருக்கியின் அஹ்மத் துமானை 12-4 என்று வென்றார். இந்த வயதுப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் உலகத் தங்கம் அதுதான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2018இல் புகாரெஸ்டில், இதே பிரிவில் வெள்ளி வென்றவர் ரவி தஹியா. 2024இல் அல்பேனியாவின் திரானாவில் சிராக் சிக்காரா கடைசி நொடிகளில் புள்ளி பறித்து, கிர்கிஸ்தான் வீரரை 4-3 என்று வென்று மறுபடியும் தங்கம் எடுத்தார். அதுவும் 57 கிலோ. இந்த வயதுப் பிரிவில் இந்திய ஆண்களின் முதல் இரண்டு உலகத் தங்கங்களும் ஒரே எடையில் வந்தவை.

இந்த எண்ணுக்கும் இந்தியாவுக்கும் உள்ள உறவு 70 ஆண்டுகளுக்கும் பழையது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பேண்டம் வெயிட் பிரிவின் உச்ச எடை 57 கிலோ. சதாரா மாவட்டத்து கோலேஷ்வர் கிராமத்துக்காரரான காஷாபா ஜாதவ் அதில்தான் வெண்கலம் வென்றார். தனிநபர் போட்டியில் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். மோர், எண்ணெய், மஞ்சள் கலந்து பதப்படுத்திய செம்மண் கோதாவில் வளர்ந்தவருக்கு மேட் பழக்கமானதே 1948 லண்டன் ஒலிம்பிக் சமயத்தில்தான். ஹெல்சிங்கி செல்லப் பணமில்லாதபோது ஊர்க்காரர்கள் நிதி திரட்டினார்கள். அவர் படித்த கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் முதல்வர் தன் வீட்டையே அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். அந்தப் பிரிவில் தங்கம் வென்றவர் ஜப்பானின் ஷோஹாச்சி இஷீ. அந்த ஒலிம்பிக்கில் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே தங்கமும் அதுதான்.

பிறகு நீண்ட காத்திருப்பு. 1967இல் டெல்லியில் நடந்த உலகப் போட்டியில் பிஷம்பர் சிங் 57 கிலோவில் வெள்ளி வென்றார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பிரேம்நாத் நான்காம் இடம். பதக்கத்துக்கு ஒரு படி கீழே. 1997இல் எடைப்பிரிவுகளை மாற்றியமைத்தபோது இந்த எண்ணே பட்டியலிலிருந்து போய்விட்டது. முதலில் 54, 58 என்றும், பின்னர் 55, 60 என்றும் வரிசை மாறியது. 2014இல்தான் 57 திரும்பி வந்தது, இம்முறை எல்லாவற்றிலும் குறைந்த எடைப்பிரிவாக. டோக்கியோ ஒலிம்பிக்கில் ரவி வெள்ளியும் பாரிஸ் ஒலிம்பிக்கில் அமன் வெண்கலமும் வென்றார்கள். இந்திய ஆண்கள் ஒலிம்பிக் மல்யுத்தத்தில் இதுவரை வென்ற 7 பதக்கங்களில் 3 இந்த எடையில் வந்தவை.

குறைந்த பிரிவு என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. 65 கிலோ வீரருக்குக் கீழே இறங்க இடம் உண்டு. 57 கிலோக்காரருக்கு அது கிடையாது. 17 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் 45 கிலோவிலிருந்தே தொடங்கலாம். 20 வயதுப் பிரிவுக்கு வந்துவிட்டால் தொடக்கமே 57தான். எலும்பும் சதையும் கூடும் அந்த வயதில் பையன்கள் அதே எண்ணுக்குள் தங்களை அடக்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள். சாதாரண நாட்களில் 61, 62 கிலோ இருப்பவர்கள் போட்டி நெருங்கியதும் தண்ணீரைக் குறைத்து, வியர்வையாகவே உடம்பைக் கரைக்கிறார்கள். மல்யுத்த உலகம் இதைச் சகஜமாக எடுத்துக்கொள்வது கவலைக்குரியது. 1997இல் அமெரிக்கக் கல்லூரிகளில் எடை குறைக்கும் முயற்சியிலேயே சில வாரங்களுக்குள் 3 மாணவர்கள் உயிரிழந்தார்கள்.

முன்பெல்லாம் போட்டிக்கு முந்தைய மாலையே எடை பார்ப்பார்கள். இரவு முழுக்கச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துத் தேறிவிடலாம். 2018 முதல் ஒரு பிரிவின் போட்டி இரண்டு நாட்கள். இரண்டு நாளும் காலையில் தராசில் ஏற வேண்டும். இப்படிச் செய்தால் வீரர்கள் தங்கள் இயல்பான எடைக்குப் போய்விடுவார்கள் என்பது கணக்கு. நடந்ததோ வேறு. அடுத்தடுத்த நாட்களில் இரண்டு முறை உடம்பை வற்றவைக்கிறார்கள்.

பாரிசில் அமனின் அந்த இரவு இதற்குச் சாட்சி. 2024 ஆகஸ்ட் 8 மாலை அரையிறுதியில் ஜப்பானின் ரெய் ஹிகுச்சியிடம் 0-10 என்று தோற்றபோது அவர் எடை 61.5 கிலோ. வெண்கலத்துக்கு மோத வேண்டுமானால் மறுநாள் காலைத் தராசுக்குள் 4.5 கிலோ இறங்க வேண்டும். கையில் இருந்தது சுமார் 10 மணி நேரம். இந்திய வீராங்கனை வினேஷ் போகாட் 100 கிராம் கூடுதல் என்று தகுதியிழந்தது அதற்கு முந்தைய நாள்தான். பயிற்சியாளர்கள் இருவரும் ஒன்றரை மணி நேரம் அவரோடு மேட்டில் புரண்டார்கள். பிறகு வெந்நீர்க் குளியல், நள்ளிரவு தாண்டி டிரெட்மில்லில் ஒரு மணி நேர ஓட்டம், நீராவி அறையில் ஐந்து ஐந்து நிமிடமாக ஐந்து தடவை. எலுமிச்சையும் தேனும் கலந்த வெதுவெதுப்பான நீர் கொஞ்சம், காப்பி கொஞ்சம். அதிகாலை 4:30க்குத் தராசு காட்டியது 56.9 கிலோ. தூங்கினால் எடை என்ன ஆகுமோ என்ற பயத்தில் விடியும்வரை விழித்திருந்தார்கள். அன்று போர்ட்டோ ரிக்கோவின் டேரியன் குரூஸை 13-5 என்று வீழ்த்தினார் அமன். 21 வயதில் தனிநபர் பதக்கம் வென்ற மிக இளைய இந்திய ஒலிம்பியன் ஆனார்.

அவரைத் தோற்கடித்த ஹிகுச்சியும் தராசிடம் அடிபட்டவர்தான். 2016 ரியோவில் வெள்ளி வென்றவர், 2021இல் அல்மாட்டியில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் 50 கிராம் கூடுதலாக இருந்ததால் வெளியேற்றப்பட்டார். சொந்த நாட்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இறங்க முடியவில்லை. பாரிசில் தங்கத்துக்காக மீண்டும் அதே 57க்கு வந்தார், வென்றார்.

2025 செப்டம்பரில் சக்ரெப் உலகப் போட்டி. அமனுக்கு 22 வயது, அந்த எடையில் இந்தியாவின் பெரிய நம்பிக்கை. காலையில் தராசு 1.7 கிலோ கூடுதல் காட்டியது. மேட்டில் கால் வைக்காமலே தகுதியிழந்தார். பயிற்சிக் குறைவு, ஒழுங்கீனம் என்று கடிந்துகொள்வது சுலபம். வளர்ந்துவிட்ட உடம்பையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 61 கிலோ பிரிவு அவருக்கு இயல்பாகப் பொருந்தலாம். உலகப் போட்டியில் அந்தப் பிரிவு இருக்கிறது. ஆனால் ஒலிம்பிக்கில் ஃப்ரீஸ்டைல் ஆண்களுக்கு 6 பிரிவுகள்தான், 57க்கு அடுத்தது நேராக 65.