அட்டனில் பாடிய மீனாட்சியம்மாள்

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆறு வயதிலிருந்து பத்து வயதுவரை தாய்மொழியில் படிப்புச் சொல்லித்தர துரைமார் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது இலங்கையின் 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். நுவரெலியா, அட்டன் பக்கத்துத் தோட்டங்களில் பள்ளிக்கூடங்கள் முளைத்தன. பெரும்பாலும் ஒரே அறை, ஒரே வாத்தியார். பத்து வயதுக்கு மேல்? பேர் பதிந்து மலைக்குப் போக வேண்டியதுதான்.

1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி மலைநாட்டுக்கு நிர்ணயித்த நாட்கூலி: ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. அந்த 32 சதத்தோடு எந்தப் பள்ளிக்கூடம் போட்டிபோடும்? அண்ணன் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போன வீட்டிலும், தாய் விடியலில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போனதும் கைக்குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டு லயத்து வாசலில் நின்றவள் மகள்தான்.

இந்தப் பெண்களிடம்தான் மீனாட்சியம்மாள் வந்தார். கணவர் கோ. நடேசய்யர் தஞ்சைப் பக்கத்துக்காரர், சட்டநிரூபண சபை உறுப்பினர், 'தேசபக்தன்' நடத்தியவர். அந்தப் பத்திரிகையில் மீனாட்சியம்மாள் பெண்களின் வாக்குரிமைக்காக எழுதினார். அப்போது அது சும்மா விஷயமில்லை. அரசியல் சீர்திருத்தத்துக்காக வந்த டொனமூர் ஆணைக்குழுவே 1928இல் முப்பது வயது தாண்டிய பெண்களுக்குத்தான் வாக்கு என்றது. 1913இல் யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரி கட்டிய சேர் பொன். இராமநாதன்கூட பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்றார். படிக்கலாம், தீர்மானிக்கக்கூடாது என்கிற கணக்குப் போலும்!

ஆனால் எழுத்துத் தெரியாத கொழுந்துக்காரிக்குப் பத்திரிகை எதற்கு? மீனாட்சியம்மாள் பாடினார். நடேசய்யர் 1931இல் அட்டனில் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கினார். தொழிலாளர் கூட்டங்களில் அவர் பேசுவார், மீனாட்சியம்மாள் பாடுவார். சனங்களுக்குத் தெரிந்த மெட்டு, அதில் தோட்டத்துக் கஷ்டம். மெட்டு ஏற்கெனவே வாயில் இருப்பதால் சொல் ஒட்டிக்கொள்ளும். வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. 1940இல் அப்பாட்டுகள் புத்தகமாகவும் வந்தன. மலையகப் பெண்களின் அரசியல் கல்வி அங்கே தொடங்கியது என்பேன். நம் வரலாற்று நூல்களோ நடேசய்யரைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, மீனாட்சியம்மாளை ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன.

1931இல் இருபத்தொரு வயதான பெண்களுக்கும் வாக்கு கிடைத்தது. நடேசய்யர் 1947இல் காலமானார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக 1949இல் மலையகத்தாரில் பெரும்பாலோர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்த ஒன்றில் மட்டும் வித்தியாசம் பார்க்கவில்லை.

1977க்குப் பிறகு தோட்டப் பள்ளிக்கூடங்கள் அரசின் கைக்குப் போன கதை அடுத்த வாரம்.

(தொடரும்)